மாணவரும் காட்டுயிர்த் தொண்டும்

விடுமுறை நாட்களை எவ்வாறு கழிப்பது என்பது மாணவருலகில் ஆண்டுதோறும் எழும் வினா. அண்மைக் காலத்தில் அவ்வினாவிற்கு ஒரு புதுவகை விடை கேட்கப்படுகிறது. தென்னாப்பிரிக்கா, கெனியா, நமீபியா முதலிய நாடுகளிலுள்ள வனவிலங்குக் காப்பிடங்களுக்குச் சென்று, சில வாரம் தங்கி, அவ்விலங்குகளைக் காக்கும் பணியில் ஊதியமின்றி ஈடுபடலாம் என்னும் அழைப்பே அது. ஊதியம் இல்லாமையோடு, உணவு, உறையுள், வழித்துணை ஆகியவற்றிற்குரிய பெருந்தொகையையும் மாணவரே செலுத்துதல் வேண்டும். யானையையும் காண்டாமிருகத்தையும் காக்கப் புறப்படும் எண்ணம் உயர்ந்ததே. ஆயினும், தொண்டு என்பது யாது, அதனாற் பயன் பெறுவது விலங்கா, தொண்டு செய்வோனா என்று ஆராய்ந்து தெளிதல் கற்றோர் கடனாகும். அவ்வாராய்ச்சியை ஆப்பிரிக்கக் காட்டில் தொடங்கி, நம் கலாசாலையிலிருந்து ஒரு காலைப்பொழுதிற் சென்று மீளத்தக்க ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஏரிக்கரைகளில் முடிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், அங்குச் செல்லும் தொண்டர் செய்யும் வேலை யாது என்பதை அறிவோம். சிங்கத்தோடு உலாவுதலும் யானைக் கன்றுக்கு உணவூட்டுதலுமே அவ்வேலை எனச் சிலர் எண்ணுவர். நன்கு நடத்தப்பெறும் காப்பிடங்களில் அங்ஙனம் இல்லை. விடியுமுன் எழுந்து, திறந்த வண்டியில் ஏறி, கழுத்துப்பட்டை பூட்டப்பெற்ற விலங்கு எங்குள்ளது என்று ரேடியோக் கருவி கொண்டு தேடுதல், கண்ட விலங்கின் இனம், பால், வயது, இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்தல், காட்டு வழிகளில் மரத்தில் கட்டிய காமிராக்கள் தாமே எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்துதல், திருட்டு வேட்டையாடுவோர் புதரில் வைத்த கம்பிக் கண்ணிகளைத் தேடி அகற்றுதல், வேலியைப் பார்வையிடுதல், வேற்று நாட்டுக் களைச்செடிகளை வேரொடு களைதல், இவையே நாள்தோறும் நிகழ்வன. இவற்றுட் பெரும்பகுதி நடத்தலும் எண்ணுதலும் எழுதுதலுமாம். ஊருக்கு அனுப்பும் புகைப்படங்களில் இவ்வேலை தோன்றுவதில்லை. எனினும் காப்புப் பணிக்கு அடிநிலையாவது இதுவே.

இதற்குச் சான்றாவது தென்னாப்பிரிக்க வெள்ளைக் காண்டாமிருகத்தின் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வினத்துள் நூற்றுக்கும் குறைவான விலங்குகளே உம்ஃபொலோசி ஆறு பாயும் சூலு நாட்டுப் பகுதியில் எஞ்சியிருந்தன. அப்பகுதி 1895ஆம் ஆண்டிற் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்ததன் பயனாக அவை பெருகின. பெருகியும் ஒரே இடத்தில் இருந்தன. ஒரு கொள்ளைநோய் புகுந்தால் இனமே அழியும் நிலை. ஆதலின் 1960ஐ அடுத்த ஆண்டுகளில் ஐயன் பிளேயர் என்னும் காப்பாளரும் அவருடன் பணியாற்றினோரும் அவ்விலங்குகளுக்கு மயக்க மருந்து செலுத்திப் பிடித்து, வேறு காடுகளுக்கு அனுப்பினர். பிளேயருக்குக் காட்டைக் காணக் கற்பித்த ஆசானாக விளங்கியவர் மகுபு என்டொம்பெலா என்னும் சூலு இனக் காவலர். இன்று ஆப்பிரிக்கா முழுவதும் வெள்ளைக் காண்டாமிருகங்கள் பதினையாயிரத்துக்கு மேல் உள்ளன. கொம்புக்காக அவற்றைக் கொல்லும் கொடுமை இன்னும் ஒழிந்தபாடில்லை. எத்தனை விலங்குகள் உள்ளன, எத்தனையை அனுப்பினால் எஞ்சியவை குன்றா என்னும் கணக்கு இல்லாதவழி, இப்பணியைத் தொடங்கியிருத்தலும் இயலாது. அக்கணக்கிற்கு வேண்டிய அறிவு, அந்நிலத்திலேயே பிறந்து, தடம் பார்த்து நடந்த மக்களிடம் இருந்தது. வெளியிலிருந்து வருவோன் அவர்க்குத் துணையாதல் கூடும். அவரிடத்தைக் கொள்ளுதல் கூடாது.

நிற்க, இத்துறையில் ஏமாற்றமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் சிங்கக் குட்டிகளைத் தாயினின்றும் பிரித்து, தொண்டு செய்ய வந்தோம் என நம்பும் இளைஞரைக் கொண்டு புட்டிப்பால் ஊட்டுவிக்கும் பண்ணைகள் பல இருந்தன. தாயில்லாக் குட்டிகளைக் காக்கின்றோம் என்று அவ்விளைஞர் பணம் கொடுத்து மகிழ்ந்து மீண்டனர். மனிதருக்கு அஞ்சாமல் வளர்ந்த அச்சிங்கங்கள் காட்டிற் சென்று வாழும் தகுதியற்றவை. வளர்ந்தபின் அவற்றுட் பல வேலியிட்ட நிலத்தில் விடப்பட்டு, பணம் செலுத்தும் வேட்டைக்காரரின் துப்பாக்கிக்கு இரையாயின. 2015ஆம் ஆண்டில் வெளியான ‘பிளட் லயன்ஸ்’ என்னும் செய்திப்படம் இதனை உலகறியச் செய்தது. அன்பு மிக்க இளைஞர்தாம் அக்குட்டிகளுக்குப் பாலூட்டினர். அவரிடம் அன்பு இருந்தது. அக்குட்டி நாளை எங்குச் செல்லும் என்று கேட்கும் பொறுமை இல்லை. ஒரு விலங்கைத் தொடுவதற்கும் தூக்குவதற்கும் நம்மை அழைப்போர் யாராயினும், அவரிடம் இவ்வினாவைக் கேட்டல் நன்று.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மாணவரே தொடங்கி மாணவரே நடத்தி வரும் காட்டுயிர்த் தொண்டு ஒன்று நம் சென்னைக் கடற்கரையிலேயே உள்ளது. பங்குனி ஆமை எனப் பரதவர் வழங்கும் கடலாமை, ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள திங்கள்களில் இரவிற் கரையேறி, மணலில் ஒன்றரை அடி ஆழத்திற் குழிதோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, குழியை மூடிக் கடலுக்கு மீளும். தாய் மீண்டும் வந்து பார்ப்பதில்லை. ஏறத்தாழ ஐம்பது நாளில் மணலின் வெம்மையாற் குஞ்சுகள் வெளிப்படும். வெம்மை மிகுந்தாற் பெண்ணும், குறைந்தால் ஆணும் மிகுதியாகப் பிறக்கும் என்பது இவ்வுயிரின் வியத்தகு இயல்பு. குஞ்சுகள் இருளில் ஒளிமிக்க திசையை நோக்கி ஊரும். முற்காலத்தில் அவ்வொளி கடற்பரப்பின் மீது தோன்றும் வானொளியே. இக்காலத்திலோ சாலை விளக்குகள் அதனினும் மிக்கு ஒளிர்தலால், அவை கடலுக்குப் புறங்காட்டி ஊர்ந்து, நாய்க்கும் வண்டிச் சக்கரத்திற்கும் இரையாகின்றன.

1970ஐ அடுத்த ஆண்டுகளில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ராமுலஸ் விட்டேக்கர் முதலியோர் இக்கரையில் இரவு நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கத் தொடங்கினர். அவருடன் சேர்ந்தவர்களுள் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யிற் பொறியியல் பயின்ற சதீஷ் பாஸ்கர். அவர் பொறியியலை விடுத்து, இந்தியக் கரைகளிலும் தீவுகளிலும் ஆமைகளைத் தேடி நடந்தே காலம் கழித்தார். 1982ஆம் ஆண்டு மழைக்காலத்தில், இலட்சத்தீவைச் சார்ந்த மக்களில்லாத சுகேலி என்னும் சிறு தீவில், தனியாக ஐந்து திங்கள் தங்கி, ஆமைகளை எண்ணினார். கடல் கொந்தளிக்கும் அக்காலத்திற் படகு ஏதும் அங்கு வருவதில்லை. நம் நாட்டுக் கடலாமைகளைப் பற்றிய முதற்கணக்குகளிற் பல அவர் நடந்து எழுதியவை. 2023ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

1988ஆம் ஆண்டில் சென்னைக் கல்லூரி மாணவர் சிலர் கூடி, ‘மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு’ என்னும் சங்கத்தை நிறுவினர். அவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னர்ப் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் உயிரியல் அறிஞராக விளங்கி வருகிறார். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையுள்ள சுமார் 7 கிலோமீட்டர்க் கரையை நள்ளிரவிற்குப் பின் நடந்து, ஆமையின் தடம் கண்ட இடத்திற் குச்சியாற் குத்திப் பார்த்து, முட்டைகளைப் பதமாக எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்திற் புதைத்து, குஞ்சு பொரித்தபின் கடலில் விடுதல் அவர்தம் பணி. வனத்துறையின் இசைவோடு இது நடைபெறுகிறது. ஒவ்வொரு குழிக்கும் நாள், இடம், முட்டையின் எண்ணிக்கை, பொரித்தவை, பொரியாதவை ஆகியன எழுதப்படுகின்றன.

இச்சங்கத்திடம் நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. மாணவன் கல்லூரியில் இருப்பது மூன்று ஆண்டு. இத்தொண்டோ முப்பத்தைந்து ஆண்டு கடந்து நிற்கிறது. மூத்தோர் இளையோருக்குத் தடம் பார்க்கக் கற்பித்து, குறிப்பேட்டைக் கையளித்துச் செல்லுதலே இதன் காரணம். ஓர் இரவு நடந்து முட்டையைக் காணாது மீண்டவனும், ‘இன்று எதுவுமில்லை’ என்று எழுதினால் தன் கடமையைச் செய்தவனாவான். 2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் இறந்து சென்னைக் கரையிலும் அதனை அடுத்த கரைகளிலும் ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவை வலையிற் சிக்கி மேலெழ இயலாதுபோனால் அது நீரிலேயே மூச்சடைத்து இறக்கும். கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடித்தல் நம் மாநிலத்தில் விலக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் சில ஆமைகள் இறந்து ஒதுங்குவது வழக்கமே என்று அவ்வாண்டு எவரும் கூறித் தப்ப இயலாமற்போயிற்று. வழக்கம் எவ்வளவு என்பதற்குப் பல ஆண்டுக் கணக்கு இருந்ததே காரணம்.

கடற்கரையை விட்டு உள்நாடு நோக்கிச் செல்வோம். தாம்பரத்தில் 1937ஆம் ஆண்டிற் குடியேறிய சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் வளாகத்தில், இப்பகுதிக்கே உரிய முட்புதர்க்காடு இன்றும் நிலைத்திருப்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். அங்கு வேதியியற் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், தம் பாடத்திற்குப் புறம்பான தாவரவியலில் ஈடுபட்டு, செடிகொடிகளைத் தேடி ஆராய்ந்தார். கல்விச்சாலையொன்று தன்னைச் சூழ்ந்த உயிர்களுக்குக் காவலாதல் இயலும் என்பதற்கு அக்காடு சான்று. அங்கிருந்து மேற்கே முடிச்சூர், படப்பை வழியாகச் செல்லின் ஒரகடத்தையும், அங்கிருந்து வடக்கே செல்லின் இராமாநுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரையும் அடைவோம்.

இப்பகுதி இன்று தமிழ்நாட்டின் பெருந்தொழிற் களம். இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் ஹூண்டாய் மோட்டார் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை நடைபெற்றது. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டில் ரெனோ–நிசான் ஆலையும், 2012ஆம் ஆண்டில் டெய்ம்லர் சரக்குவண்டி ஆலையும் திறக்கப்பட்டன. வல்லம் வடகால் வரை சிப்காட் நிலங்கள் பரந்துள்ளன. நம் பழைய மாணவருட் பலர் அவ்வாலைகளில் உழைத்துக் குடும்பம் காக்கின்றனர். ஆதலின் அவற்றைப் பழிப்பது நம் கருத்தன்று. ஆலைகளுக்கு இடையில் இன்னும் எஞ்சிநிற்கும் ஏரிகளைக் காண்க என்பதே நாம் கூறுவது.

தொண்டை நாட்டில் வற்றாத பேராறுகள் இல்லை. ஆதலின் முன்னோர் மழைநீரை ஏரிகளில் தேக்கினர். நிலம் பெரும்பாலும் கிழக்கு நோக்கிச் சரிதலால் கரைகள் பல கிழக்கில் அமைந்தன. ஓர் ஏரி நிறைந்தால் மிகைநீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு இறங்கும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகைநீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிச் செல்வது. ஒரகடம், படப்பை, மணிமங்கலம் பக்கத்து நீர் அடையாற்றைச் சேர்வது. செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகிச் சென்னையை மூழ்கடித்ததை நாம் மறந்திலோம். ஏரியின் நலம் பறவைக்கு மட்டும் உரியதன்று என்பது அன்று அனைவர்க்கும் விளங்கிற்று.

வடகிழக்குப் பருவமழையால் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் ஏரி நிறையும். தை முதல் மெல்லக் குறையும். அக்குறைவே பறவைகளுக்கு விருந்தாகிறது. ஆழ்நீரில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் மூழ்கி மீன் பிடிக்கும். கூழைக்கடா தன் பையை வலைபோல் விரித்து முகக்கும். நடு ஆழத்தில் நாமக்கோழியும் ஊசிவால் வாத்தும் நீந்தும். முழங்கால் அளவு நீரில் நத்தைகுத்தி நாரை நத்தையைத் துழாவும். அதன் அலகின் நடுவே இடைவெளி இருப்பதைக் கூர்ந்து நோக்கினாற் காணலாம். சேற்று விளிம்பில் அரிவாள் மூக்கனும், நெடுங்கால் உள்ளானும், இரஷிய நாட்டின் வடபகுதிகளிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பொரி உள்ளானும் இரை தேடும். வறண்ட கரையில் ஆள்காட்டி கூவும். ஏரியின் ஓரத்தில் பத்தடி மண் கொட்டினால், ஏரி குறைந்ததாக நம் கண்ணுக்குத் தோன்றாது. ஆனால் சேற்று விளிம்பு முழுதும் மறைந்து, அதனை நம்பி வந்த உள்ளான்களுக்கு இடமில்லாமற் போகும்.

ஈண்டு நம் குறையொன்றை மறையாது கூறுதல் முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரித் திங்களில், ஒரகடச் சாலையை அடுத்த ஓர் ஏரிக்கு நாம் பதின்மர் முதன்முறையாகச் சென்றோம். பறவைகளின் அழகில் மயங்கினோம். படம் பல எடுத்தோம். குறிப்பேட்டில், ‘கூழைக்கடா பல, நாரை ஏராளம், வாத்துக் கூட்டங் கூட்டமாக உள்ளது’ என்று எழுதினோம். மறு ஆண்டு அங்கே சென்றபோது ஏரியின் ஒரு மூலையில் லாரிகளால் மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டிருந்தன. பறவைகள் குறைவு போலத் தோன்றிற்று. எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நம்மை அடையாளம் கண்டு அருகில் வந்தார்.

“தம்பிங்களா, போன வருஷமும் வந்தீங்களே, அப்ப எத்தனை பட்சி இருந்துது, இப்ப எத்தனை இருக்குது? எழுதித்தானே வெச்சீங்க?” என்று வினவினார்.

வரும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர் நாட் கூட்டத்தில், மண் கொட்டுதலைக் குறித்து ஊரார் மனுக் கொடுக்க இருந்தனர். மனுவில் எழுத அவருக்கு ஓர் எண் வேண்டியிருந்தது. நாம் குறிப்பேட்டைப் புரட்டினோம். ‘ஏராளம்’ என்னும் சொல்லையே அதிற் கண்டோம். ஏராளம் என்பது முந்நூறா, மூவாயிரமா என்று நம்மில் ஒருவராலும் கூறமுடியவில்லை. அவர் சற்று நேரம் நின்று, “சரி, பரவாயில்லப்பா” என்று கூறி எருமைகளை ஓட்டிச் சென்றார். மனு எண் இன்றியே சென்றது. அம்மூலையில் இன்று ஏரி இல்லை. நம் எண் இருந்திருந்தால் ஏரி பிழைத்திருக்கும் என்று கூறத் துணியோம். ஆயினும் அவர் கேட்டபோது கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லாதிருந்தது என்பது மெய். அற்றை நாளில் நாம் தொண்டு செய்தவர் அல்லோம்; வேடிக்கை பார்த்தவரே.

அதன்பின் எண்ணும் முறையைக் கற்றோம். பிறர்க்கும் பயன்படுமாறு அதனைச் சுருங்க உரைப்போம். காலையிற் சென்று, சூரியன் முதுகின்புறம் இருக்குமாறு நிற்றல் வேண்டும். கிழக்குக் கரை அதற்கு இயல்பாகவே பொருந்தும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருமையாகவே தோன்றும். பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணப் புகின் முடிவதற்குள் அவை இடம் மாறும். ஆதலின் ஓர் ஓரத்தில் முதற் பத்தைத் துல்லியமாக எண்ணி, அப்பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் நிறுத்தி, அவ்வளவு இடங்கள் எத்தனை என்று பார்த்துச் செல்க. கூட்டம் மிகப் பெரிதாயின் ஐம்பதை அளவாகக் கொள்க. இருவர் தனித்தனியே எண்ணி, பின்னர் ஒப்பிடுக. வேறுபாடு மிகுந்தால் மீண்டும் எண்ணுக. இனம் தெரியாத உள்ளானை, ‘இனம் தெரியாத உள்ளான் 40’ என்றே எழுதுக. ஊகித்துப் பெயரிடுதல் பொய்க் கணக்காகும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், எண்ணியவர் தொகை, வானிலை, மதகின் எந்தப் படி வரை நீர் உள்ளது என்பன தவறாது இடம்பெறல் வேண்டும். சென்ற ஆண்டு கண்ட பறவை இவ்வாண்டு இல்லையெனின், அப்பெயருக்கு எதிரே சுழியம் இடுக. மறு ஆண்டு அதே வாரத்தில், அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று எண்ணுக. மேயும் பறவைகள் தலை நிமிர்ந்து நோக்கினால் நாம் அளவுக்கு மீறி அணுகினோம் என்பது பொருள். அப்படியே பின்வாங்குதல் வேண்டும்.

இவ்வாறு எடுத்த கணக்கு நம் பெட்டியில் உறங்கலாகாது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரித் திங்களில் நடைபெறுகிறது. பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர் நடத்தும் பொங்கற் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடந்து வருகிறது. வனத்துறையும் மாநிலமெங்கும் ஒரே காலத்தில் நீர்நிலைப் பறவைகளை எண்ணுகிறது. அதில் மாணவத் தொண்டர் சேர்க்கப்படுகின்றனர். கூழைக்கடா எவ்வேரியில் உள்ளது என்று ஓர் ஊரான் அறிவான். தமிழகம் முழுவதும் அது கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பல ஊரார் எண்ணங்களைச் சேர்த்தே அறிதல் இயலும். கணக்கின் ஒரு படியை அந்தந்த ஊரிலும் கொடுத்து வருதல் வேண்டும் என்பது நாம் எருமை மேய்த்த பெரியவரிடம் கற்ற பாடம்.

பறவையைக் காப்பது நகரத்தார் ஊரார்க்குக் கற்பிக்க வேண்டிய புது வழக்கம் என்று எவரும் எண்ணற்க. இதே செங்கழுநீர்ப்பட்டுச் சீமையின் வேடந்தாங்கலில், நாரைக் கூட்டங்களைச் சுடும் வேட்டையைத் தடுக்குமாறு குடியானவர் முறையிட்டு, 1798ஆம் ஆண்டிற் கலெக்டர் லயனல் பிளேஸிடம் காவலுரிமை பெற்றனர். மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கதையில் வரும் பிளேஸ் துரை அவரே. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அக்குடியானவர் கண்டறிந்திருந்தனர். இந்நாட்டில் வனச்சட்டம் எதுவும் தோன்றாத காலம் அது. இன்று வேடந்தாங்கலும் அதனை அடுத்த கரிக்கிலியும் 2022ஆம் ஆண்டு முதல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய நீர்நிலைகளாக விளங்குகின்றன. அவ்விரண்டும் காக்கப்பட்டவை. ஒரகடத்து ஏரிகளுக்கு அத்தகைய பெயர் ஏதும் இல்லை. வேடந்தாங்கல் வறண்ட ஆண்டில் அப்பறவைகள் இரைக்கும் நீருக்கும் நாடுவன இத்தகைய பெயரற்ற ஏரிகளையே.

எண்ணுதலன்றி வேறு பணிகளும் உண்டு. கரையிற் சிக்கிய நைலான் வலைத்துண்டுகளை அகற்றலாம்; பறவையின் காலை அறுப்பவை அவை. சீமைக்கருவேலங் கன்றுகளைக் களையலாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அம்மரம் கெனியாவிலும் எத்தியோப்பியாவிலும் மேய்ச்சல் நிலங்களை விழுங்கி வருகிறது. ஆப்பிரிக்கா செல்லும் தொண்டர் பறிக்கும் களைகளுள் ஒன்று நம் ஏரியிலேயே உளது! ஆயினும் பறவை கூடு கட்டிய மரத்தை வெட்டலாகாது. ஏரியின் நடுவே நிற்கும் நாட்டுக் கருவேலத்தைச் சீமைக்கருவேலம் என மயங்கி வெட்டுதலும் கேடாகும். எப்பணிக்கும் ஊராட்சியின் இசைவும் வனத்துறையின் அறிவுரையும் முன்னர்ப் பெறல் வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப் பறவையின் முட்டையையோ குஞ்சையோ எடுத்தல் குற்றம். தொண்டன் என்னும் பெயர் அதற்கு விலக்களிக்காது. கூட்டினின்று வீழ்ந்த குஞ்சைக் கண்டு இரங்கி விடுதிக்கு எடுத்துவரும் மாணவன், சிங்கக் குட்டிக்குப் பாலூட்டியவனின் தம்பியே ஆவான்.

இத்தகைய சிறு பணியால் ஆலைகளின் பெருக்கத்தைத் தடுக்க முடியுமா என்று சிலர் வினவலாம். தடுப்பது இதன் நோக்கமன்று. ஓர் ஏரியின் விளிம்பை எடுத்துக்கொள்ளலாமா என்று ஓர் அலுவலர் முடிவு செய்யும் நாளில், அங்கு என்ன இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இருத்தல் வேண்டும். சான்றில்லாத ஏரி வெற்றுநிலம் என்றே கருதப்படும். மற்றும் சிலர், மூன்றாண்டிற் பிரியும் மாணவரால் ஆவது என் எனலாம். சென்னைக் கரையில் நடக்கும் மாணவரே அதற்கு விடை. அடுத்தவனிடம் கையளிக்கும் கடமையை உணர்ந்தவனுக்கு மூன்றாண்டு போதும்.

ஆப்பிரிக்கா செல்லும் வாய்ப்புடைய நண்பர் செல்லுக. சென்று, அந்நாட்டுக் காவலரிடம் தடம் பார்க்கக் கற்று மீளுக. ஆனால் புறப்படுமுன் ஒரு ஜனவரிக் காலையில் ஒரகடத்து ஏரிக்கரையில் நின்று நூறு நாமக்கோழியை எண்ணிப் பார்க்கட்டும். அங்கே சலிப்புறாதவன் எங்கும் பயன்படுவான்.

நாம் இப்பொழுது எழுதிவரும் ஏரிக் கணக்கேட்டை நம் கலாசாலை நூல்நிலையத்தில் வைத்துள்ளோம். முதற்பக்கத்தில் ‘ஏராளம்’ என்னும் அச்சொல்லை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறோம். பின்வருவோர் கண்டு எச்சரிக்கை பெறுக. தொழிற்சாலைகளிற் பணிபுரியும் பழைய மாணவர் தம் ஆலைக்கு அருகிலுள்ள ஏரியொன்றைத் தமதாகக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணி அனுப்பினால் அவ்வேடு நிறையும். ஆசிரியர் ஆண்டுதோறும் அதனைப் புதிய மாணவர் கையிற் கொடுக்க வேண்டுகிறோம். இரண்டு காசுக்கு விற்கப்பட்ட சிட்டுக்குருவியும் கணக்கில் உண்டு என்று நம் கோயிற் பிரசங்கங்களிற் கேட்டு வளர்ந்தோம். அக்கணக்கை எழுதும் பணியில் ஒரு சிறு பக்கம் நம் பங்கிற்கு வந்துள்ளது. அந்தப் பெரியவர் மீண்டும் வந்து கேட்டால் விடை கூறும் நிலையில் நாம் இருத்தல் வேண்டும்.